அமெரிக்காவைப் பற்றி மட்டும் கதைக்கலாம்

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். மன்னார் நகரத்தில் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு என்று தனிப் பாடமே இருக்கிறதாம். பாடம் தொடங்குமுன் ‘எதிர்பார்ப்புகளும் வகுப்பறை விதிமுறைகளும்’ என்று தலைப்புப் போட்டு எழுதி, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டுமாம்.

“ரீச்சர், நீங்களும் அமெரிக்கா படிப்பிச்சனீங்கள்தானே. என்னென்ன விதியள் வச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“கடைசியில ஒரு விதிதான் பிள்ளை மிஞ்சினது. அமெரிக்காவைப் பற்றி மட்டும் கதைக்கலாம்.”

“அது எல்லா வகுப்பிலயும் அப்பிடித்தானே, ரீச்சர்?”

இல்லை. ஆனால் அதைத் தொலைபேசியில் விளக்க ஏலாது. எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, நேரம் கிடக்கிறது, முற்றத்தில் கோழிகளைத் தவிர அதட்டுவதற்கும் ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் வரலாற்று ஆசிரியையானதே ஒரு விபத்து. ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது மனையியல்தான் கேட்டேன். மனையியலுக்கு இடம் இல்லை, வரலாற்றுக்கு ஆள் இல்லை என்று சொல்லி என்னைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருடம் அரசர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். அவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரரைக் கொன்று முடி சூடியவர்கள். மற்றப் பாதிப்பேர் அந்தப் பயத்தில் குளம் கட்டியவர்கள். அவ்வளவுதான் நான் கற்ற வரலாறு. அதன்பின் சண்டைக் காலம் முழுவதும் மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் மாறி மாறிப் படிப்பித்தேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாதவர்கள் வெளிநாட்டில் இருந்து பேசுகிறார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வரத் தொடங்கியதும், என்னை விடத்தல்தீவுக்கும் பாப்பாமோட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் என்று நான் சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு நீளமான தகரக் கொட்டகை, வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் நீலத் தறப்பாள், நடுவில் கூரை போன பழைய மண்டபம். பதினோராம் வகுப்புக்கு நான் வரலாறு சொல்லும்போது பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்து வரும். என் பிள்ளைகள் சிலருக்கு இன்றைக்கும் நெப்போலியன் என்றால் ஏழாம் வாய்ப்பாடுதான் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

அதிபர் மரியதாஸ் சேர் மெலிந்த மனிதர். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை, பழைய மோட்டார் சைக்கிள். அவருடைய பெரிய ஆயுதம் குரல். மற்றவர்களுக்குக் கோபம் ஏறினால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். கொஞ்சம் கோபம் என்றால் முணுமுணுப்பு. நல்ல கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். ஆகவே அவர் எங்களை ஏசும்போது நாங்களே அவருக்குக் கிட்டப் போய், குனிந்து, காதைக் கொடுத்து, “என்ன சேர்?” என்று கேட்டு ஏச்சு வாங்க வேண்டும். இரண்டு தரம் கேட்டு வாங்கிய ஏச்சு, சத்தம் போட்டு ஏசிய ஏச்சை விட ஆழமாகப் போகும்.

வந்த கிழமையே அவர் எல்லா ஆசிரியர்களுக்கும் பிறிஸ்டல் மட்டை தந்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பறை விதிமுறைகள் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை.

“சுவர் இல்லையே, சேர்.”

“சுவர் வரேக்க ஒட்டலாம். இப்ப தறப்பாளில குத்துங்கோ.”

“தறப்பாளில ஓட்டை போட்டா மழை வரும், சேர்.”

“மழை வந்தா விதியைக் கழட்டிப் போட்டு ஓட்டையை அடையுங்கோ.”

நான் எழுதிக் கொடுத்ததை அவர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். கண்ணாடி இடம்பெயர்ந்தபோது தொலைந்ததாம். சிவப்புப் பேனையால் திருத்தினார். ‘நேரத்துக்கு வர வேண்டும்’ என்பது ‘பஸ் வந்தால் நேரத்துக்கு வர வேண்டும்’ ஆயிற்று. ‘பாடநூலுக்கு உறை போட வேண்டும்’ என்பதன் முன்னால் ‘பாடநூல் கிடைத்தால்’ சேர்ந்தது. ‘சீருடை அணிய வேண்டும்’ என்பதை நெடுநேரம் பார்த்துவிட்டு ‘உடுப்பு’ என்று மாற்றினார். ‘கேள்வி கேட்கலாம்’ என்று நான் தாராளமாக எழுதியிருந்தேன். அதில்தான் பேனை நின்றது.

“என்ன கேள்வி?” என்றார். குரல் இறங்கத் தொடங்கியிருந்தது.

“வரலாற்றுக் கேள்விதான், சேர்.”

“கணக்குப் பாடத்தில ஆருக்கும் கோபம் வராது, ரீச்சர். விஞ்ஞானத்தில தவளை மட்டும்தான் சாகும். வரலாறு அப்பிடியில்ல. அளவாக் கேக்கச் சொல்லுங்கோ.”

அவர் பயந்தது சும்மா இல்லை. என் வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பகுதி, வன்னி முழுக்க ஓடி, பிறகு முட்கம்பி முகாமில் கிடந்து வந்தவர்கள். இன்னொரு பகுதி, தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து தாய் தகப்பனுடைய ஊரை முதல் தடவையாகப் பார்க்க வந்தவர்கள். மூன்றாவது பகுதி முஸ்லிம் பிள்ளைகள். வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றிய காலத்தில் அவர்களுடைய தாய் தகப்பன்மார் புத்தளத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்து இப்போது இங்கே வந்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியும் தனித்தனி வாங்கில்தான் உட்காரும். எங்கள் நாட்டு வரலாற்றில் நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த மூன்று வாங்கில் ஏதாவது ஒரு வாங்கில் முகங்கள் மாறும். ‘பிறந்த ஊர்’ என்று சாதாரணமாகக் கேட்டால்கூட ஒருத்தன் தலையைக் குனிவான், ஒருத்தி சண்டைக்கு வருவாள்.

பாடநூலைப் புரட்டினேன். உலகப் புரட்சிகள் என்று ஓர் அலகு இருந்தது. முதலாவது அமெரிக்கச் சுதந்திரப் போர். எனக்குப் புனித அந்தோனியாரே வழிகாட்டியது போல இருந்தது. அமெரிக்கா எங்கே, எங்கள் பக்கத்து அடம்பன் எங்கே! வகுப்பில் யாருடைய மாமாவும் அதில் சாகவில்லை. ஆகவே வருடக் கடைசியில் வர வேண்டிய பாடத்தை முன்னுக்கு இழுத்தேன்.

முதற் கிழமை அருமையாகப் போயிற்று. ஆங்கிலேய அரசன் தேயிலைக்கு வரி போட்டதும், பொஸ்டன் துறைமுகத்தில் சனம் வேடம் போட்டுக் கப்பலேறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஜெனிற்றா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. வாய் நீளம்.

“விசர் ஆக்கள், ரீச்சர். கோபம் எண்டா அரசனோட. தேயிலை என்ன செய்தது? வீட்டை கொண்டு போய்க் குடிச்சிருக்கலாம்.”

“நம்ம ஊர்த் தேயிலையா, மேடம்?” என்று கோகுல் கேட்டான். அவன் பாப்பாமோட்டையில் வயல் செய்கிற கமக்காரக் குடும்பம். ஆனால் இராமநாதபுரத்து முகாமில் வளர்ந்தவன். அவனுக்கு நான் மேடம்தான்.

“சீனத் தேயிலை.”

“அப்ப பரவால்ல, மேடம். கொட்டட்டும்.”

நடித்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். வாங்கின் மேல் ஒரு வாளி தண்ணீர் வைத்து அது கடல் என்றோம். நிலத்தில் கீறிய வட்டம் கப்பல். காய்ந்த பூவரசம் இலை தேயிலை. கோகுல் வரி அதிகாரி. முஸ்லிம் வாங்கிலிருந்து றிஸ்வான் என்ற அமைதியான பையன் முகத்தில் கரி பூசிக்கொண்டு கப்பலில் ஏறினான். மற்ற எல்லோரும் பொஸ்டன் சனம். “ராசாவுக்கு வரி இல்லை! வரி கட்ட மாட்டோம்!” என்று அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு நின்றுவிட்டது.

நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் கொட்டகைக்கு எதிரில், வீதிக்கு அந்தப் பக்கம், ஓர் இராணுவக் காவலரண்.

துவக்கோடு ஒரு கோப்ரல் வந்து வாசலில் நின்றார். மற்றக் கையில் பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை. “மொக்கத மே சத்தே?” என்றார். என்ன சத்தம் என்று கேட்கிறார் என்பது சிங்களம் தெரியாத எனக்கே விளங்கியது. பொஸ்டன் சனம் வாங்குக்குக் கீழே போய்விட்டது. றிஸ்வான் மட்டும் கரி முகத்தோடு, கைநிறைய இலையோடு, நடு வகுப்பில் நின்றான்.

மரியதாஸ் சேர் ஓடி வந்தார். பயத்திலும் அவருக்குக் குரல் இறங்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அவர் ஏதோ சொல்ல, கோப்ரல் குனிந்து காதைக் கொடுத்தார்.

“அமெரிக்கா. இத்திஹாசய,” என்றார் சேர். இத்திஹாசய என்றால் வரலாறு.

கோப்ரல் வாளியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கரி முகத்தைப் பார்த்தார். பிறகு, “பொஸ்டன்?” என்றார்.

“பொஸ்டன்,” என்றார் சேர்.

கோப்ரலின் முகம் மலர்ந்துவிட்டது. தானும் சாதாரண தரச் சோதனைக்கு அந்தப் பாடம் படித்ததாகவும், அதில் பெயில் விட்டதாகவும், பெயில் விட்டபடியால்தான் இங்கே நிற்பதாகவும் சொன்னார். சேர் ஒவ்வொரு வசனமாக எங்களுக்கு மொழிபெயர்த்தார். கோப்ரல் போகுமுன், கடல் கப்பலை விட உயரத்தில் இருப்பது பிழை என்று சொல்லி, வாளியைத் தூக்கி நிலத்தில் வைத்து, றிஸ்வானை வாங்கில் ஏற்றிவிட்டுப் போனார். வாசலில் திரும்பி, “சத்தம் கொஞ்சம்,” என்றார் தமிழில்.

அவர் போனதும் சேரின் உதடு மட்டும் அசைந்தது. நான் கிட்டப் போனேன்.

“என்ன சேர்?”

“இனி நடிப்பு இல்ல. கோசம் இல்ல. எங்கட நாட்டு உதாரணம் ஒண்டும் இல்ல. அமெரிக்காவைப் பற்றி மட்டும் கதைக்கலாம்.”

தறப்பாளில் தொங்கிய மட்டையில் மற்ற விதிகளை எல்லாம் வெட்டிவிட்டு அந்த ஒன்றைத் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதினார்.

அந்த விதியால்தான் அடுத்த சங்கதி வந்தது.

போரின் விளைவுகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் கிடைத்தது, அரசியலமைப்பு எழுதினார்கள் என்று கரும்பலகையில் போட்டேன். றிஸ்வான் கை தூக்கினான். அவன் கேள்வி கேட்பதே அரிது.

“ரீச்சர், அரசன்ட பக்கம் நிண்ட ஆக்களும் அங்க இருந்திருப்பாங்கதானே. அவங்களுக்கு என்ன ஆனது?”

பாடநூலில் அதற்கு ஒரு வரிதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கனபேர் கப்பலேறிக் கனடாவுக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள். அரசன் பக்கம் நின்றவனும் போனான், நின்றதாகச் சந்தேகப்பட்டவனும் போனான். அவர்களுடைய காணிகளைப் பறித்து விற்றார்கள். சமாதான உடன்படிக்கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தது. அனேகமாக ஒருத்தரும் கொடுக்கவில்லை.

“திரும்பி வந்தவங்களா?”

“கொஞ்சப்பேர் வந்தவை.”

“வந்தா, காணியில ஆக்கள் இருந்திருப்பாங்களே?”

நான் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் ஜெனிற்றா எழும்பிவிட்டாள். “போனவை போனவைதானே, ரீச்சர்? காடாக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி இருந்தவை எங்க போறது?”

“போனதில்ல. போகச் சொன்னது,” என்றான் றிஸ்வான்.

விசயம் எல்லோருக்கும் தெரியும். ஜெனிற்றாவின் குடும்பம் இருந்தது றிஸ்வானின் அப்பா வழிப் பாட்டனுடைய காணியில். ஜெனிற்றா வீட்டாருடைய சொந்த ஊர்க் கரையில் குண்டு விழுந்து ஓடி வந்தபோது, அந்தக் காலத்து நிர்வாகம் வெறுமையாகக் கிடந்த அந்தக் காணியைக் காட்டி, இருங்கோ என்று விட்டது. பிறகு அங்கிருந்தும் ஓடினார்கள். சண்டை முடிந்ததும் திரும்பி அங்கேயே வந்து வீடு போட்டார்கள். அதே வருடம் றிஸ்வானின் வாப்பா சலீம் பழைய காணி உறுதிப் பத்திரத்தோடு புத்தளத்திலிருந்து வந்தார். காணியின் ஓரத்தில் தறப்பாள் கட்டிக் குடும்பத்தோடு இருந்தார். காணி விசாரணை வரப் போகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டாரும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைப்பதில்லை. பிள்ளைகள் இரண்டும் என் வகுப்பில் இரண்டு வாங்கு தள்ளி இருந்தன.

நான் தறப்பாளில் இருந்த விதியைக் காட்டினேன். “அமெரிக்கா மட்டும்,” என்றேன்.

“நான் அமெரிக்காவைத்தான் சொன்னனான்,” என்றாள் ஜெனிற்றா.

“நானும்,” என்றான் றிஸ்வான்.

அங்கே பாடத்தை மாற்றியிருக்கலாம். மரியதாஸ் சேர் என்றால் மாற்றியிருப்பார். எனக்கு அப்போது அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து, சரி, அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை என்று தொடங்க மனம் வரவில்லை. வழக்கு வைப்போம் என்றேன். திரும்பி வந்தவன் பெயர் தோமஸ். இப்போது இருப்பவள் பெயர் மேரி. நடிப்புக்குத் தடை இருப்பதால் நடிக்கக் கூடாது. கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்துமார் போலக் கதைக்க வேண்டும். தோமசுக்கு ஜெனிற்றா, மேரிக்கு றிஸ்வான்.

“மாறிச் சொல்லுறீங்கள், ரீச்சர்,” என்றாள் ஜெனிற்றா.

“மாறித்தான். ஆளுக்காள் தன்ர பக்கம் கதைச்சா அது வகுப்பு இல்ல, காணி விசாரணைக் கந்தோர்.”

கோகுல் நீதிபதி. அவனுக்கு இந்த ஊரில் சொந்தக்காரரும் குறைவு, பகையும் குறைவு. வகுப்பில் இருந்த ஒரே கதிரையை அவனுக்குக் கொடுத்தேன். அவன் மிகவும் அனுபவித்து உட்கார்ந்திருந்தான்.

றிஸ்வான் முதலில் எழும்பினான். “கனம் கோட்டாரே, மேரி ஆக்கள் ஆசைப்பட்டு வரேல்ல. அவங்கட ஊரில குண்டு விழுந்தது. இரு எண்டு காட்டின இடத்தில இருந்தாங்க. அது பத்தைக் காடு. வெட்டினது மேரிட வாப்பா… அப்பா. அதில மேரிட தம்பிக்குப் பாம்பு கடிச்சது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் இல்ல. அந்தப் பிள்ளை இப்பவும் கால் இழுத்துத்தான் நடக்குது.”

ஜெனிற்றா சடாரென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தத் தம்பி நான்காம் வகுப்பில் இருந்தான். அவன் ஏன் நொண்டுகிறான் என்று றிஸ்வான் யாரிடமோ கேட்டறிந்திருக்கிறான்.

அவளுடைய முறை வந்தது. முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். “எங்கட தோமஸ் ஐயா கனடாவில குளிரில நடுங்கிப்போட்டு, மீன் ருசியும் இல்லாமல், கப்பலேறி வந்தவர், கோட்டாரே,” என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“வந்து பாக்கேக்க வீடு இல்ல, மதில் இல்ல. கிணறு மட்டும் கிடந்தது. கிணத்துக் கட்டில தோமசிட அப்பப்பாட பேர் கிடந்தது. வெட்டின ஆண்டும் கிடந்தது. போன கிழமை மேரிட அப்பா அதுக்கு மேல சீமெந்து பூசிப்போட்டார். விசாரணைக்கு வாற ஆக்கள் பாக்கக் கூடாதெண்டு. மேரிதான் சீமெந்து குழைச்சுக் குடுத்தவள்.”

அமெரிக்காவில் அப்படி ஒரு கிணறு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஜெனிற்றா உட்காரவும் இல்லை; நின்றபடியே நின்றாள். அந்த வார்த்தை மாலைக்குள் ஊரெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

றிஸ்வான் கை தூக்கினான். “நான் இன்னொருக்காக் கதைக்கலாமா, ரீச்சர்? மேரிக்காகத்தான்.”

“கதை.”

அவன் ஜெனிற்றாவைப் பார்க்காமல் கதிரையில் இருந்த கோகுலைப் பார்த்துச் சொன்னான். “மேரிட அப்பா கள்ளன் இல்ல, கோட்டாரே. அவருக்குப் பயம். எழும்பு எண்டு சொன்னா பிள்ளைகளையும் பானையையும் தூக்கிக்கொண்டு எப்பிடிப் போறதெண்டு அவருக்குத் தெரியும். தோமசுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும்.”

எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள். கோகுல் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். கண் கலங்கிவிட்டது. “கோர்ட்டு… கோர்ட்டு ஒத்தி வைக்கப்படுதுங்க, மேடம்,” என்றான்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எங்கள் மணி ஒரு தண்டவாளத் துண்டு. பாடவேளை முடியவில்லை என்று எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். கையில் இரும்போடு மரியதாஸ் சேர். தறப்பாளுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார்.

“ரீச்சர்,” என்றார். காதைக் கிட்டக் கொண்டு போனேன். “கனடாவுக்குப் போன ஆக்கள் பாடத்திட்டத்தில இருக்கினமோ?”

“ஒரு வரி இருக்கு, சேர்.”

“ஒரு வரிக்கே இப்பிடியெண்டா மிச்சத்தை எப்ப முடிப்பியள்?”

இரும்போடு திரும்பிப் போய்விட்டார். அவருக்கு எவ்வளவு கோபம் என்று கணிக்க என்னால் முடியவில்லை. அது எனக்குப் புது அனுபவம்.

அடுத்த நாள் காலைக் கூட்டம் முடியமுன்னே ஜெனிற்றாவின் தகப்பன் அந்தோனி வந்துவிட்டார். பெரிய மனிதர், வெயிலில் வெந்த தோள். வாசலிலேயே தொடங்கினார்.

“பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறியள்? என்ர வீட்டுக் கிணத்தைப் பற்றி என்ர பிள்ளையை வச்சே கதைக்கப் பண்ணியிருக்கிறியள்! ஆர் அந்த ரீச்சர்?”

நான் முன்னுக்கு வந்தேன். மரியதாஸ் சேர் குடையால் என்னைத் தடுத்தார்.

“அமெரிக்க வரலாறு,” என்றார் சாந்தமாக.

“என்ன அமெரிக்கா? கிணறு எண்டு சொன்னவள். சீமெந்து எண்டு சொன்னவள்!”

“ஓம். அமெரிக்காவில ஒரு கிணறு. இந்த வகுப்பில அமெரிக்காவைப் பற்றி மட்டும்தான் கதைக்கலாம். விதி அந்தா தொங்குது, வாசியுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, உண்மையிலேயே அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார். “அந்தோனி, உங்களுக்கு அமெரிக்காவிலயும் காணி கிடக்கோ?”

கூட்டத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தோனி எதைச் சொல்வார்? ஓம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. “இனி என்ர பிள்ளை வராது,” என்று சொல்லி ஜெனிற்றாவையும் தம்பியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. சாதாரண தரச் சோதனை வர இருந்தது. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி.

சில நாள் பார்த்தோம். வரவில்லை. ஒரு பின்னேரம் சேர் மோட்டார் சைக்கிளை எடுத்து, “ஏறுங்கோ, ரீச்சர்,” என்றார். அவருடைய குரல் போலத்தான் ஓட்டமும். சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார்கள்.

அந்தோனி முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எழும்பவில்லை, ஆனால் பெண்சாதி பிலோமினா இரண்டு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தறப்பாள் கொட்டிலின் முன்னால் சலீம் நின்று எங்களைப் பார்த்தார். அவருடைய மனுசி குடத்தோடு அப்போதுதான் பள்ளிவாசல் பைப்பிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வந்த நாள் முதல் அவர்கள் அங்கிருந்துதான் தண்ணீர் சுமந்தார்கள். தங்கள் கிணற்றில் தண்ணீர் கேட்டு வாங்க அவர்களுக்கு மனம் இல்லை.

சேர் குடையை மடக்கிக் கதிரையில் சாத்தினார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். பிலோமினா அள்ளிக் கொடுத்தாள். கிணற்றுக் கட்டில் ஓரிடம் மட்டும் வெள்ளையாக, புதிதாக, தெரிந்தது. சேர் குடித்தார்.

“நல்ல தண்ணி. இந்தப் பக்கமெல்லாம் உவர். ஆர் வெட்டின கிணறு?”

“என்ன சேர்?” என்றார் அந்தோனி.

சேர் இன்னும் தாழ்ந்த குரலில் திருப்பிக் கேட்டார். அந்தோனி வலையை வைத்துவிட்டு எழும்பி வந்தார். “கேக்கேல்ல, சேர்.” சேரின் உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பெரிய மனிதர் குனிந்து, அவருடைய வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தார். கதவு நிலையில் ஜெனிற்றா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீராசாகிப் எண்டு ஒராள்,” என்றார் அந்தோனி கடைசியில். அந்தப் பெயரை அந்த முற்றத்தில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிலோமினா பிறகு எனக்குச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் சலீமுக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் என்ன செய்ய, சேர்? இதிலயிருந்து எழுப்பினா எங்க போறது?”

“எழும்பச் சொல்லி நான் வரேல்ல. கிணறும் என்ர வேலையில்ல. பிள்ளையளை அனுப்பச் சொல்லித்தான் வந்தனான்.”

அவ்வளவுதான். நாங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது பின்னால் பிலோமினாவின் குரல் கேட்டது. “றிஸ்வான்ட உம்மா, ஏன் அவ்வளவு தூரம் போறீங்கள்? இதில வந்து அள்ளுங்கோவன்.” பதில் வந்ததா என்று தெரியாது. சேர் அன்றைக்கு மட்டும் வேகமாக ஓட்டினார்.

காணி விசாரணை பிறகு நடந்தது. இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்டு காணியைப் பிரித்தார்கள். கிணறு பொது என்று எழுதினார்கள். சலீமுக்கு நியாயம் முழுதாகக் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தோனிக்குப் பயம் முழுதாகப் போயிற்று என்றும் சொல்ல மாட்டேன். அதில் எனக்கோ என் பாடத்துக்கோ ஒரு பங்கும் இல்லை. ஆனால் விசாரணைக்கு முன் ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லலாம்.

ஜெனிற்றா அன்றைக்குத்தான் வகுப்புக்குத் திரும்பி வந்திருந்தாள். நான் வெண்கட்டியை எடுக்கும்போதே றிஸ்வான் எழும்பினான்.

“ரீச்சர், அமெரிக்காவில சீமெந்தைக் கொத்திப்போட்டாங்க.”

வகுப்பு அவனைப் பார்த்தது.

“ஆர் கொத்தினது?”

“மேரிட அப்பா. நேத்து, பூசை முடிஞ்சு வந்த கையோட. பேர் எல்லாம் வடிவாத் தெரியுது.”

ஜெனிற்றா புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “கொத்த நல்ல உளி வேணுமே, அமெரிக்காவில உளி இருந்ததோ?” என்றேன்.

“மேரி வீட்டில இல்ல, ரீச்சர்,” என்றாள் அவள், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு. “தோமசிட வாப்பா வீடு கட்டுற மேசன். அவரிட்டத்தான் இரவல் வாங்கினது.”

சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் போய், வாய்ப்பாடு நின்றது. காவலரணில் கோப்ரல் எட்டிப் பார்த்திருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அமெரிக்கா முடிந்தது, அடுத்த பாடம் பிரெஞ்சுப் புரட்சி, அதில் அரசன் தலை, அரசி தலை, கடைசியில் தீர்ப்புச் சொன்ன ஆட்களின் தலையும் போகும் என்று கரும்பலகைக்குத் திரும்பினேன்.

பின்னாலிருந்து கோகுல், வழக்கு நாள் முதல் விடாமல் பிடித்து வைத்திருந்த கதிரையை விட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

“மேடம், இதுல நான் ஜட்ஜா இருக்க மாட்டேன்.”